பூச்சு வேலைக்கு முன் ஸ்பீக்கர் வயர் இழுக்க வேண்டும்: ரிசீவர், கேபிள் இரண்டிலும் குழப்பம்

மாடியறை

வணக்கம். மாடியில் ஒரு அறை கட்டிக்கொண்டிருக்கிறோம். செங்கல் வேலை முடிந்துவிட்டது, அடுத்த வாரம் பூச்சு. ஸ்பீக்கர் வயர் போக எங்கெங்கே பைப் பதிக்க வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் தினமும் கேட்கிறார். எனக்கோ என்ன ரிசீவர் (ஸ்பீக்கர்களை எல்லாம் இயக்கும் பெட்டி), எத்தனை ஸ்பீக்கர் என்பதே இன்னும் முடிவாகவில்லை. அவர் கேட்கும்போதெல்லாம் "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிச் சொல்லி இப்போது அவர் கண்ணில் படாமல் மாடிக்குப் போய் வருகிறேன்.

அறையின் நீளம் 4.6 மீட்டர், அகலம் 3.6, உயரம் 3. டிவி குறுகிய சுவரில். எதிர்ச்சுவரை ஒட்டி மூன்று பேர் உட்காரும் சோபா. வலது பக்கச் சுவரில், சோபாவுக்குக் கொஞ்சம் முன்னால், கதவு. ரிசீவர் டிவிக்குக் கீழே இருக்கும் அலமாரிக்குள் போகும்.

கையில் இருப்பது: 1990-களில் அப்பா வாங்கிய ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். பின்னால் 6 ஓம், 86 டெசிபல் என்று ஒட்டியிருக்கிறது, இன்னும் நன்றாகவே பாடுகின்றன. டிவியில் ஒரு எச்டிஎம்ஐ துளையில் ஆர்க் (டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வழி) என்று எழுதியிருக்கிறது, அதன் புதிய வடிவமான இ-ஆர்க் இல்லை. ஒரு ப்ளூரே பிளேயர் உண்டு. கேம் விளையாட யாரும் இல்லை.

இதெல்லாம் முக்கியமாக அப்பாவுக்காக. வயது 74. காது கேட்காமல் போய்விடவில்லை, ஆனால் படத்தில் பேசுவது புரிவதில்லை. சத்தத்தைக் கூட்டினால் சண்டையும் இசையும் வீட்டையே உலுக்குகின்றன, பேச்சு மட்டும் முணுமுணுப்பாகவே இருக்கிறது. "என்ன சொன்னான்?" என்று எங்களைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இப்போது படம் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

விளம்பரத்தில் ஒரு ரிசீவர் சேனலுக்கு 160 வாட்ஸ் என்கிறது, அதே விலையில் இன்னொன்று 80 வாட்ஸ் என்கிறது. முதலாவதைத்தானே வாங்க வேண்டும்? 7.1 நல்லதா, 5.1.2 நல்லதா? வயர் விஷயத்தில் எலக்ட்ரீஷியன், "வீட்டு வயரிங்கில் மிச்சமான 1.5 ஸ்கொயர் எம்எம் கம்பி கிடக்கிறது, அதையே லைட் பைப்பில் சேர்த்து இழுத்துவிடலாம்" என்கிறார். அலுவலக நண்பரோ விரல் தடிமனுக்கு ஒரு கேபிளைக் காட்டி, இது இல்லாவிட்டால் எல்லாம் வீண் என்கிறார். யார் சொல்வது சரி?

சும்மா_வந்தவன்

அப்பாவுக்காகத்தான் என்றால் ஒரு சவுண்ட்பார் வாங்கி வைத்துவிடுங்கள். ஒரே வயர், ஒரே ரிமோட். இத்தனை பைப், இத்தனை பெட்டி, இத்தனை கவலை எதற்கு?

மாடியறை

கீழ் ஹாலில் சவுண்ட்பார்தான் இருக்கிறது. அதிலும் இதே முணுமுணுப்புதான். மேலும் கேட்பது அப்பா மட்டுமில்லையே, எனக்கும் ஆசை இருக்கிறது.

செம்புக்கம்பி

சுவர் திறந்திருக்கும்போதே கேட்டீர்களே, புண்ணியம். பெரும்பாலும் வெள்ளையடித்த பிறகுதான் கேட்பார்கள்.

முதலில் என் கதை. என் அறையில் பைப் போடாமல், வயரை நேரடியாகச் சுவரில் வைத்துப் பூசிவிட்டேன். சுத்தமான செம்பு என்று சொல்லி விற்ற மெல்லிய வயர். ஆறு வருடம் கழித்து ரிசீவர் மாற்றும்போது திருகை முறுக்கினால் இழைகள் உப்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தன. சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை. செம்பு முலாம் போட்ட அலுமினியம். வெளியே எடுக்கவும் வழியில்லை. இன்றுவரை பின் ஸ்பீக்கர்களுக்கு வயர் தரை ஓரமாக, பிளாஸ்டிக் பட்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

அதனால் வயரை முதலில் சொல்கிறேன், ரிசீவரை அப்புறம் பார்ப்போம். ரிசீவர் இன்னும் சில வருடத்தில் மாறும், ஸ்பீக்கரும் மாறலாம். சுவரை மறுபடி உடைக்க மாட்டீர்கள்.

எலக்ட்ரீஷியன் பாதி சரி. வீட்டு வயரிங் கம்பியும் செம்புதான், ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்துக்கு அதன் ஜாதி தெரியாது. சத்தத்தில் எந்தக் குறையும் வராது. ஆனால் லைட் பைப்பில் சேர்த்து இழுப்பது கூடவே கூடாது. இரைச்சல் பயம் இரண்டாம் பட்சம், பெரிய விஷயம் பாதுகாப்பு. பத்து வருடம் கழித்து வேறு ஒருவர் வந்து ஜங்ஷன் பாக்ஸைத் திறப்பார். உள்ளே ஒரே நிறத்தில் ஏழெட்டுக் கம்பி. ஏதோ ஒன்றை எடுத்து மெயின்ஸில் கொடுத்தால் ஸ்பீக்கரும் ரிசீவரும் போவது இருக்கட்டும், அந்த நேரத்தில் ஸ்பீக்கர் முனையைத் தொட்டுக்கொண்டிருப்பவர் கதி? எனவே தனிப் பைப், தனிப் பெட்டி, பார்த்தவுடன் வேறு என்று தெரியும் இரட்டைக் கம்பி. மெயின்ஸ் பைப்புக்கு இணையாக நீண்ட தூரம் ஓட வேண்டாம், ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். குறுக்கே தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகத் தாண்டட்டும்.

தடிமன் கணக்கு இவ்வளவுதான். 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பில் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.0115 ஓம் மின்தடை. 2.5-ல் சுமார் 0.0069. போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, ஆகவே தூரத்தை இரண்டால் பெருக்க வேண்டும். வரும் விடை ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை என்பது பழைய நடைமுறை. 8 ஓமுக்கு 0.4, 6 ஓமுக்கு 0.3.

உங்கள் அறையில் தூரமானது வலது சரவுண்ட், அதாவது சோபா பக்கத்து ஸ்பீக்கர். அலமாரியிலிருந்து சுவர் ஏறி, சீலிங் ஓரமாகப் போய், கதவைத் தாண்டி இறங்கினால் 14 மீட்டர் வந்துவிடும். 1.5 போட்டால் 28 பெருக்கல் 0.0115, அதாவது 0.32 ஓம். அப்பாவின் 6 ஓம் ஸ்பீக்கருக்கு எல்லைக்கு ஒரு துளி வெளியே. 2.5 போட்டால் 0.19, நிம்மதி. முன்னால் இருக்கும் மூன்றுக்கும் 4 மீட்டர்கூட வராது, அங்கே 1.5 தாராளம். ஆனாலும் இரண்டு வகை வாங்கிக் குழப்பிக்கொள்வதற்குப் பதில் நான் ஒரே சுருளாக 2.5 வாங்கிவிடுவேன்.

விரல் தடிமன் கேபிள்காரரிடம் நட்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் இல்லாத செம்பு, வெள்ளிப் பூச்சு, அம்புக்குறி போட்ட திசை எல்லாம் இந்தத் தூரத்தில் காதுக்குப் புலப்படாது. பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: முழுச் செம்பா இல்லையா. கடையிலேயே ஓர் அங்குலம் தோலை உரித்து, ஓர் இழையைக் கத்தி முனையால் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் வாங்குங்கள். முலாம் போட்டது அதே தடிமனில் ஒன்றரை மடங்குக்கு மேல் மின்தடை காட்டும், எடையும் கையில் பஞ்சு மாதிரி இருக்கும்.

பைப் 25 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். மூலையில் எல்போ வைக்காமல் அகலமாக வளைக்கச் சொல்லுங்கள், எல்போவில் வயர் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு பைப்பிலும் வயரோடு ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள், பின்னால் எதையாவது இழுக்க உதவும். டிவிக்கும் அலமாரிக்கும் நடுவில் மட்டும் 50 மில்லிமீட்டர் பைப், ஏனென்றால் எச்டிஎம்ஐ கேபிளின் தலை பெரியது. பூச்சுக்கு முன்னால் எல்லாச் சுவரையும், பக்கத்தில் அளவு டேப்பை நீட்டி வைத்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். எழுதாமல் "ஞாபகம் இருக்கும்" என்று விட்டவர்களில் ஞாபகம் வைத்திருந்த ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இனி ரிசீவர். அந்த 160-ம் 80-ம் பெரும்பாலும் ஒரே பலம் உள்ள இரண்டு பெட்டிகள். 160 என்று போட்டவர் அடியில் பொடி எழுத்தில் 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு), ஒரு சேனல் மட்டும் என்று எழுதியிருப்பார். 80 என்று போட்டவர் 8 ஓம், 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீதம், இரண்டு சேனல் என்று எழுதியிருப்பார். இரண்டாவதுதான் நேர்மையான கணக்கு. அமெரிக்காவில் 1974-லேயே ஆம்ப் வாட்ஸ் விளம்பரத்துக்கு அரசு விதி போட வேண்டிய அளவுக்கு இந்த விளையாட்டு பழையது.

சரி, எத்தனை வாட்ஸ் வேண்டும்? 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும் ஸ்பீக்கர் ஒன்று, நீங்கள் 3.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். 1 வாட்டுக்கு உங்கள் காதில் சுமார் 77 டெசிபல் விழும். சுவர்கள் எதிரொலித்துக் கொஞ்சம் கூட்டும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அளவு சரிசெய்த ரிசீவரில் வால்யூம் 0 என்பது தியேட்டர் அளவு, அதன் உச்சம் 105 டெசிபல். வீட்டில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. -20-ல் வைத்தால் உச்சம் 85 டெசிபல், தேவை 6 வாட்ஸ். -10-ல் 63 வாட்ஸ். 0-வில் 630 வாட்ஸ், அது எந்த ரிசீவரிலும் இல்லை. 80-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் 1 டெசிபல்தான். ஆகவே வாட்ஸ் பத்தியைத் தாண்டிப் போய் வேறு மூன்றைப் பாருங்கள்: எத்தனை சேனல், ரூம் கரெக்‌ஷன் (மைக்கில் அளந்து அறைக்கேற்ப ஒலியைத் திருத்துவது) எப்படி, பின்னால் பிரீ-அவுட் துளை (வெளி ஆம்ப் சேர்க்க) உண்டா. அந்தத் திருத்தத்துக்கு டெனான், மரான்ட்ஸில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ, சில ஆன்கியோ மாடல்களில் டிராக் லைவ் வரும். ஒரே நிறுவனத்திலேயே கீழ் மாடலுக்கும் மேல் மாடலுக்கும் இதில்தான் நிஜமான வித்தியாசம். சப்வூஃபரையும் (பாஸுக்கான தனி ஸ்பீக்கர்) நுணுக்கமாகத் திருத்தும் பதிப்பு உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

7.1 உங்களுக்கு இல்லை. இந்த எண்களில் முதலாவது சுற்றியுள்ள ஸ்பீக்கர், இரண்டாவது சப்வூஃபர், மூன்றாவது சீலிங் ஸ்பீக்கர். அதில் கூடுதலாக வரும் இரண்டு ஸ்பீக்கரும் தலைக்குப் பின்னால் இருக்க வேண்டும், உங்கள் தலைக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது. 5.1.2 போடுங்கள், இரண்டுக்கும் அதே 7 சேனல் ரிசீவர்தான். மேலே வரும் இரண்டும் உட்காரும் இடத்துக்கு நேர் மேலிருந்து ஓரடி முன்னால் சீலிங்கில். சோபாவையும் சுவரிலிருந்து அரை மீட்டராவது முன்னே இழுங்கள், சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பாஸ் மட்டும் குண்டுச்சட்டிக்குள் உருட்டுவது மாதிரி கேட்கும்.

அப்பாவின் பிரச்சினைக்கு மருந்து சென்டர் ஸ்பீக்கர். படத்தில் பேச்சு பெரும்பாலும் அந்த ஒரு சேனலில்தான் வருகிறது. டிவியும் சாதாரண சவுண்ட்பாரும் அதை இசையோடும் வெடியோடும் கலந்து இரண்டு சின்னக் கூம்பில் கொடுத்துவிடுகின்றன. தனி சென்டர் இருந்தால் அதை மட்டும் 2, 3 டெசிபல் கூட்டலாம், மற்றதைத் தொட வேண்டாம். ரிசீவரில் நைட் மோட், டைனமிக் ரேஞ்ச் என்று ஒன்று இருக்கும், வெடியை அமுக்கிப் பேச்சைத் தூக்கும். அதனால் காசை முதலில் சென்டரில் போடுங்கள். இடது, வலது இரண்டும் அதே நிறுவனம், அதே வரிசை. இல்லாவிட்டால் ஒருவர் நடந்துகொண்டே பேசும்போது நடுவில் குரல் மாறும். அலமாரிக்குள் தள்ளி வைக்காமல், விளிம்புக்கு இழுத்து, முகத்தைச் சற்று மேலே காது பார்த்துச் சாய்த்து வையுங்கள்.

அப்பாவின் பழைய ஜோடி சரவுண்டுக்குப் போகட்டும். 86-ம் 88-ம் ஒத்துப்போகாதே என்று யோசிக்க வேண்டாம், அளவை ரிசீவர் சரிசெய்துகொள்ளும்.

டிவியில் ஆர்க் மட்டும் இருப்பது பெரிய குறை இல்லை. ஆர்க் 2009-ல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்தது, இ-ஆர்க் 2017-ல் 2.1-உடன். டிவி செயலிகளில் வரும் அட்மாஸ் (மேலிருந்தும் ஒலி வரும் முறை) டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸில் சுற்றி வருவதால் பழைய ஆர்க் வழியே போய்விடும், டிவி அதை அனுப்பச் சம்மதித்தால். ப்ளூரே வட்டில் வரும் ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டும்தான் போகாது. ப்ளூரே பிளேயரை நேராக ரிசீவரில் செருகிவிட்டால் அந்தக் கேள்வியே இல்லை. ஆப்டிகல் கேபிளை மட்டும் நம்பாதீர்கள், அதில் அட்மாஸ் வராது.

ஒலிப்பித்தன்

செம்புக்கம்பி சொன்னதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். 2.5 விஷயத்தில் இல்லை.

0.32 ஓமுக்கும் 0.19 ஓமுக்கும் அந்த 6 ஓம் ஸ்பீக்கரில் வித்தியாசம் 0.2 டெசிபல்கூட இல்லை. அதையும் ரிசீவர் அளவு சரிசெய்யும்போது விழுங்கிவிடும். சரவுண்டில் வருவது மழையும் பறவையும், அதற்கு 2.5 எதற்கு? தடித்த வயரோடு மல்லாடியவர்களுக்குத்தான் தெரியும். பழைய ஸ்பீக்கரின் பின்னால் ஸ்பிரிங் கிளிப்தான் இருக்கும், அதன் ஓட்டைக்குள் 2.5 நுழையாது. நுழைக்கிறேன் பேர்வழி என்று நாலு இழையை வெட்டினேன், ஐந்தாவது இழை நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொட்டது. ரிசீவர் டக்கென்று அணைந்து சிவப்பு விளக்கைச் சிமிட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரிசீவர் செத்துவிட்டது என்று துக்கம் கொண்டாடினேன். பாதுகாப்புக்காக அணைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்று. மேலே இரண்டு ஸ்பீக்கர் போதும் என்றாலும் நாலுக்குப் பைப் போட்டுவையுங்கள். காது மட்டம் 1 மீட்டர், சீலிங் 3 மீட்டர் என்றால் முன் ஜோடி தலைக்கு 2 மீட்டர் முன்னால் வரும், 45 டிகிரி. பின் ஜோடிக்கு இப்போது இடமில்லை, சரி. ஆனால் முன் ஜோடிக்கு வெறும் பைப் செலவுதானே.

சப்வூஃபர் எங்கே என்று யாரும் கேட்கவில்லையே? அதற்குப் போவது ஸ்பீக்கர் வயர் இல்லை, கவசமுள்ள ஆர்சிஏ கேபிள். இரைச்சலை இழுப்பது உண்மையில் அதுதான், ஸ்பீக்கர் வயர் இல்லை. சப்பை எந்த மூலையில் வைப்பது என்று இப்போது சொல்ல முடியாது. அறை முடிந்ததும் சப்பைத் தூக்கி சோபாவில் வைத்து, பாஸ் அதிகமுள்ள ஒரு பாட்டை ஓட்டி, சுவர் ஓரமாகத் தவழ்ந்துகொண்டே போங்கள். பாஸ் எந்த இடத்தில் சீராக, ஊதாமல் கேட்கிறதோ அந்த இடத்தில் சப். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். அதற்காக முன் மூலையிலும் பின் மூலையிலும் ஒவ்வொரு பைப்.

செம்புக்கம்பி

0.2 டெசிபல் கணக்கு சரி, மறுக்கவில்லை. நான் 2.5 சொல்வது இன்றைய காதுக்காக இல்லை. நாளைக்கு இவர் 4 ஓம் ஸ்பீக்கர் வாங்கினால் எல்லை 0.2 ஆகிவிடும், அப்போதும் சுவருக்குள் அதே வயர்தான். ஸ்பிரிங் கிளிப்புக்கு வழி இருக்கிறது: முனையில் ஒரு பின் பிளக்கை இறுக்கிவிட்டால் போதும், நீட்டிக்கொள்ளும் இழையும் இருக்காது. ரிசீவர் பக்கம் பனானா பிளக். சுவரில் பெட்டி வைத்து அதில் ஒரு இணைப்பு, அதிலிருந்து இன்னொரு துண்டு என்று போகாமல், ரிசீவரிலிருந்து ஸ்பீக்கர் வரை ஒரே நீளமாக இழுங்கள்.

நாலு பைப், இரண்டு சப் பைப் இரண்டுக்கும் என் ஓட்டு உண்டு. சப் கேபிளாக ஆர்ஜி6 கோஆக்ஸ் (டிவி கேபிள் வயர்) இழுத்து இரு முனையிலும் ஆர்சிஏ போட்டுக்கொள்ளலாம், நன்றாக வேலை செய்யும்.

ரிசீவர் மெனுவில் 4 ஓம், 6 ஓம் என்று மாற்ற ஒரு இடம் இருந்தால் அதைத் தொடாதீர்கள், 8-லேயே இருக்கட்டும். குறைத்தால் ரிசீவர் தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளும், ஸ்பீக்கருக்கு நன்மை ஒன்றும் இல்லை. அலமாரிக்குப் பின்பக்கப் பலகை வேண்டாம், ரிசீவரின் தலைக்கு மேல் ஒரு சாண் இடம் விடுங்கள். கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டினால் கோடையில் அணைந்து அணைந்து எரியும்.

மாடியறை

இரண்டு பேருக்கும் நன்றி. எலக்ட்ரீஷியனிடம் இப்போது தலை நிமிர்ந்து பேசினேன். தனிப் பைப் என்றதும் முகம் சுளித்தார், மெயின்ஸ் விஷயத்தைச் சொன்னதும் "அது நியாயம்தான்" என்று ஒப்புக்கொண்டார். எந்த வயரில் எந்த முனை நேர்மறை என்று எப்படிச் சரிபார்ப்பது? சீலிங் ஸ்பீக்கர் மூடியபின் தெரியாதே.

செம்புக்கம்பி

1.5 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். ரிசீவர் பக்கத்து முனைகளைக் கழற்றிவிட்டு, சிவப்பில் பேட்டரியின் பிளஸ், கறுப்பில் மைனஸ், ஒரு நொடி தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே தள்ளினால் சரி, உள்ளே போனால் எங்கோ மாறியிருக்கிறது. வயர் இழுத்ததும், ஸ்பீக்கர் மாட்டுவதற்கு முன், மறுமுனையைச் சேர்த்து முறுக்கி மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். முறுக்கை அவிழ்த்ததும் தொடர்ச்சி போக வேண்டும். போகாவிட்டால் ஆணி எதுவோ வயரைக் குத்தியிருக்கிறது. பூச்சுக்கு முன்னும் பின்னும் இரண்டு தடவை.

மாடியறை

மூன்று மாதம் கழித்து வருகிறேன். அறை முடிந்தது.

இரண்டாவது கடையில்தான் உண்மையான செம்பு கிடைத்தது. முதல் கடைக்காரர் கத்தியை எடுத்ததுமே "அதெல்லாம் எதற்கு சார்" என்றார், எதற்கு என்று சுரண்டியதும் எனக்குத் தெரிந்தது. 2.5 ஒரே சுருள். பூச்சு முடிந்து மல்டிமீட்டரில் பார்த்தபோது ஒரு வயரிலும் பழுது இல்லை. ஆனால் பேட்டரி வைத்ததும் இடது சீலிங் ஸ்பீக்கரின் கூம்பு உள்ளே போனது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒட்டியது நான்தான், அந்த ஒரு வயரின் ஒரு முனையில் மட்டும் கோடு போட்ட கம்பியைக் கறுப்பு என்று எழுதியிருக்கிறேன்.

ரிசீவர் 7 சேனல், பிரீ-அவுட் முன் இரண்டுக்கு மட்டும். மைக்கை ஸ்டாண்டில் காது உயரத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, எட்டு இடத்தில் அளந்தேன். அது முன் ஸ்பீக்கரை "லார்ஜ்" (முழு பாஸையும் தாங்கும் பெரியது) என்று எழுதிவைத்தது. 5 அங்குல வூஃபருக்கு லார்ஜாவது! "ஸ்மால்" ஆக்கி, கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே பாஸ் சப்புக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். சென்டருக்கு "பேஸ் தவறு" (பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது) என்று ஒரு எச்சரிக்கையும் வந்தது. பேட்டரி வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

அப்பா முதல் நாள் பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்குப் பகீரென்றது. கண்ணாடி எடுக்கப் போயிருக்கிறார். சென்டரை 3 டெசிபல் கூட்டி, நைட் மோடை நடு அளவில் வைத்திருக்கிறேன். இப்போது "என்ன சொன்னான்?" வருகிறதுதான், முன்பு போல நிமிடத்துக்கு ஒன்று இல்லை. பாட்டு வந்தால் பின்னால் திரும்பித் தன் ஸ்பீக்கர் பாடுகிறதா என்று பார்க்கிறார். ஸ்டீரியோவில் அவை பாடாது என்று சொல்ல மனமில்லாமல், பாட்டுக்கு மட்டும் எல்லாச் சேனலும் பாடும் மோடில் விட்டிருக்கிறேன். ஒலிப்பித்தன் மன்னிக்கவும்.

ஒரு தொல்லை மட்டும் பாக்கி. டிவியில் கேபிள் டிவி இணைப்பைச் செருகினால் சப் "ம்ம்ம்" என்று உறுமுகிறது. பிடுங்கினால் நிற்கிறது.

ஒலிப்பித்தன்

மன்னித்தேன், வீட்டில் நானும் அதைத்தான் செய்கிறேன்.

உறுமல் எர்த் சுற்று. கேபிள் இணைப்பு ஒரு இடத்தில் எர்த் ஆகிறது, சப் இன்னொரு இடத்தில். டிவிக்குள் போகும் கோஆக்ஸில் ஒரு ஐசோலேட்டர் (அந்த எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சிறு கருவி) மாட்டுங்கள். சப், ரிசீவர், டிவி மூன்றையும் ஒரே பிளக் பாயின்ட்டில் இருந்து எடுங்கள். யார் சொன்னாலும் சப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் கழற்றாதீர்கள். உறுமல் நிற்கும், அதோடு பாதுகாப்பும் போய்விடும்.

செம்புக்கம்பி

பேஸ் எச்சரிக்கைக்குக் கவலை வேண்டாம். சென்டருக்குக் கீழே அலமாரிப் பலகை எதிரொலித்தால் அப்படிக் குழம்பும். வயர் சரி என்று பேட்டரி சொன்னால் "தவிர்" அழுத்திவிட்டுப் போங்கள்.

மாடியறை

ஐசோலேட்டர் போட்டாச்சு, உறுமல் நின்றுவிட்டது.

கடைசிக் கேள்வி, சிரிக்காதீர்கள். முன் சீலிங் ஜோடிக்காகக் காலியாக விட்ட பைப்பின் வாய்க்குள் நேற்று இரவு ஒரு பல்லி போனது. நைலான் கயிற்றை லேசாக இழுத்துப் பார்த்தேன், கயிறு மட்டும்தான் வந்தது. வாயை எதைக் கொண்டு மூடுவது?

செம்புக்கம்பி

கயிற்றை முதலில் திரும்ப உள்ளே விடுங்கள்! வாய்க்குப் பாத்திரம் கழுவும் பஞ்சில் ஒரு துண்டு போதும். ஆனால் பைப்பின் மறுமுனையிலும் இரவு முழுக்கப் பாருங்கள், பல்லி வெளியே வந்தபிறகு மூடுங்கள்.